ஆசிரியரை ஆக்கிய அறம்: நியூயார்க் உபாத்தியாயர் கலாசாலையின் சரித்திரம்

அறங்களுள் கல்வியறம் தலையாயது என்பதை மறுப்பார் நம்முள் ஒருவரும் இலர். அன்னசத்திரம் வைத்தோர் வழிநடந்து வருவோரின் பசியைத் தணித்தனர். குளம் வெட்டினோர் ஓரூரின் விடாயைத் தீர்த்தனர். கல்விச்சாலை கண்டோரோ தாம் கண்ணாற் காணாத தலைமுறைகட்கும் வாழ்வளித்தவராவர். இவ்வுண்மை நம் முன்னோர்க்கும் தெரியும், நமக்கும் தெரியும். ஆயினும் கல்விக்குத் திரவியம் கொடுக்க வேண்டுமென்று ஒருவர் எண்ணிய மாத்திரத்தில் அவர் மனக்கண்முன் எழுவது பெரும்பாலும் ஒரு கட்டடமே. முகப்பிலே பெயர் பொறித்த கல்லும், திறப்புவிழாவும், பிரமுகர் வருகையும் அதனோடு சேர்ந்தே தோன்றுகின்றன. அக்கட்டடத்தினுள் நின்று பாடஞ் சொல்லப்போகிறவர் யார், அவர் அத்தொழிலை எங்கே எவ்விதம் பயின்றார் என்னும் வினா பின்னர்தான் எழுகிறது, பலவிடங்களில் எழுவதேயில்லை.

அவ்வினாவையே முதல் வினாவாகக் கொண்டு பொருள் வழங்கிய ஒரு கூட்டத்தாரின் சரித்திரத்தை இக்கட்டுரையில் எடுத்துரைக்கப் புகுந்தோம். அமெரிக்க ஐக்கிய நாட்டில் நியூயார்க் மாநகரில் 1887-ஆம் ஆண்டில் தோன்றிய உபாத்தியாயர் கலாசாலையே அது. பின்னர்க் கொலம்பியா சர்வகலாசாலையோடு இணைந்து, உபாத்தியாயர்க்கு உயர்தரக் கல்வியளிக்கும் நிலையமாய் உலகமெங்கும் பெயர் பெற்றது. அதற்குப் பொருளீந்தோர் வரலாறும், அதிற் பயின்று வெளிவந்தோர் செய்த தொண்டும் நம் போன்ற சங்கத்தார் ஊன்றிப் படிக்கத் தக்கவை.

தொடக்கம்

இக்கலாசாலையின் வித்து ஒரு சமையற்கட்டு விளையாட்டிற் கிடந்தது என்றாற் பலர் நம்பமாட்டார். 19-ஆம் நூற்றாண்டின் பிற்பாதியில் நியூயார்க் நகரின் குறுகிய சந்துகளில், பல தேசங்களினின்றும் பிழைக்க வந்த ஏழைக் குடும்பங்கள் நெருங்கி வாழ்ந்தன. அக்குடும்பத்துப் பெண்மக்களுக்கு வீட்டுவேலைகளைச் சிறு சிறு பொம்மைப் பாத்திரங்களைக் கொண்டு, பாட்டோடும் ஆட்டத்தோடும் கற்பிக்கும் முறையொன்றை எமிலி ஹண்டிங்டன் என்னும் அம்மையார் வகுத்தனர். இம்முறையைப் பரப்புவதற்கென 1880-இல் ஒரு சங்கம் கூடிற்று. அதன் உயிர்நாடியாய் நின்றவர் கிரேஸ் ஹோட்லி டாட்ஜ் என்னும் மாது. அவர் 1856-இல் பிறந்தவர். செம்பு முதலிய உலோக வாணிகத்தாற் பெருஞ்செல்வம் ஈட்டிய குடும்பத்தவர். மணஞ்செய்து கொள்ளாது பொதுப்பணிக்கே தம்மை ஒப்புவித்தவர்.

தரும சிந்தையுள்ள செல்வர் வீட்டுப் பெண்கள் பலர், ஏழைகளுக்கு இரங்கிச் சிலகாலம் உதவிப் பின் ஓய்ந்துவிடுவர். டாட்ஜ் அம்மையார் ஓயவில்லை. சந்துகளில் உள்ள சில நூறு சிறுமியர்க்கு மட்டும் கற்பிப்பதாற் குறை தீராது என்பதையும், நகரத்துப் பொதுப்பள்ளிகளிலேயே கைத்தொழிற்கல்வி புகவேண்டும் என்பதையும் அவர் உணர்ந்தார். 1884-இல் அச்சங்கம் கைத்தொழிற் கல்விச் சங்கமாக விரிவடைந்தது. 1886-இல் நியூயார்க் நகரக் கல்விக் கழகத்தில் முதன்முதலாக நியமனம் பெற்ற பெண்கள் இருவருள் டாட்ஜ் அம்மையாரும் ஒருவர். அங்கு அமர்ந்து பள்ளிகளை உள்ளிருந்து நோக்கியபோது வேறோர் உண்மை புலனாயிற்று. புதிய பாடத்தைப் பள்ளியிற் புகுத்துவது எளிது. அதைக் கற்பிக்கத் தெரிந்த உபாத்தியாயர் எங்கே? அவரை ஆக்குவோர் யார்?

இவ்வினாவுக்கு விடையாகவே 1887-இல் கலாசாலை தோன்றிற்று. நிகலஸ் மரே பட்லர் என்னும் இளைஞர், அப்பொழுது இருபத்தைந்து வயதினர், தத்துவ சாஸ்திரம் வல்லவர், அதன் தலைமையை ஏற்றார். 1892-இல் அதற்கு உபாத்தியாயர் கலாசாலை என்னும் பெயர் நிலைத்தது. 1894-இல் நகரின் வடபால் மேட்டுநிலத்தில் 120-ஆம் வீதியில் எழுந்த புதிய மாளிகைக்குக் குடிபெயர்ந்தது. 1898-இல் கொலம்பியா சர்வகலாசாலையோடு ஓர் உடன்படிக்கை செய்துகொண்டது.

அவ்வுடன்படிக்கையில் ஓர் அம்சம் கவனிக்கத்தக்கது. பட்டமளித்தல் சர்வகலாசாலையின் உரிமை. ஆனால் கலாசாலையின் தருமகர்த்தர்கள் தனி, பொக்கிஷமும் தனி. இந்த ஏற்பாடு இன்றளவும் நிலைத்துள்ளது. ஆதலின் தன் செலவுக்கான பொருளைத் தானே தேடிக்கொள்ள வேண்டிய நிலை அதற்கு ஏற்பட்டது. அப்பொக்கிஷத்தின் சாவியை 1911-ஆம் ஆண்டுவரை ஏந்தி நின்றவர் டாட்ஜ் அம்மையாரே. தாம் கொடுத்ததோடு நில்லாமற் பிறரிடம் சென்று கேட்பதையும், ஒவ்வோர் ஆண்டும் வரவுசெலவின் குறையை நிரப்புவதையும் தம் தொழிலாகக் கொண்டார். கொடுப்பது ஒருநாட் செயல். பிறரைக் கொடுக்கச் செய்து கணக்குக் காப்பது ஆயுட்காலத் தொண்டு. அவர் 1914-இல் மறைந்தார்.

கொடையாளிகள்

வாண்டர்பில்ட் என்னும் பெருஞ்செல்வர் மரபில் வந்த ஜியார்ஜ் வாண்டர்பில்ட், கலாசாலையின் தொடக்கத்திற் பொருளாலும் நிலத்தாலும் தாங்கினார். மேசி குடும்பத்தார் கைத்தொழிற் கூடத்தை எழுப்பித் தந்தனர். 1901-இல் ஹோரஸ் மான் என்னும் கல்வியாளர் பெயரால் விளங்கிய மாதிரிப் பள்ளிக்குக் கட்டடமும் ஈந்தனர். மருத்துவ சாலைகளில் நோயாளரைப் பேணும் தாதியர்க்கும், அவர்களைப் பயிற்றும் ஆசிரியைகட்கும் உயர்கல்வி வேண்டுமென்று கருதி, ஹெலன் ஹார்ட்லி ஜென்கின்ஸ் என்னும் அம்மையார் அத்துறைக்கு மூலதனம் அளித்தார். அத்துறையில் 1907-இல் பேராசிரியப் பதவி பெற்ற மேரி அடலேய்ட் நட்டிங் அம்மையாரே உலகில் தாதியர்கல்விக்கு முதற் பேராசிரியர் ஆவார். அதுகாறும் தாதித்தொழில் மருத்துவ சாலையின் ஊழியமாகவே எண்ணப்பட்டது. அது முதல் கல்வித்துறையாகவும் மதிப்புப் பெற்றது.

ராக்பெல்லர் பெருஞ்செல்வத்தினின்று எழுந்த அறநிலையங்களும் பெருந்தொகைகளை வழங்கின. அவற்றுள் பொதுக்கல்விக் குழு 1917-இல் லிங்கன் பள்ளி என்னும் சோதனைப் பள்ளியை நிறுவ உதவிற்று. சர்வதேசக் கல்விக் குழு 1923-இல், ஆண்டுக்கு 1 இலட்சம் டாலர் வீதம் பத்தாண்டுகட்குப் பத்து இலட்சம் டாலர் நல்க, அதனைக்கொண்டு பால் மன்ரோ என்னும் பேராசிரியரின் தலைமையில் ஓர் அயல்நாட்டுக் கல்வி ஆராய்ச்சித்துறை தோன்றிற்று. பல தேசத்து உபாத்தியாயர்கள் அங்கு வந்து கூடினர்.

இக்கொடைகளைக் கொண்டு ஜேம்ஸ் எர்ல் ரஸ்ஸல் செய்ததென்ன? அவர் 1897-இல் வந்து சேர்ந்து, 1927-வரை கலாசாலைத் தலைவராய் வீற்றிருந்தார். பணத்தை முக்கியமாக மனிதர்களைத் திரட்டுவதிற் செலவிட்டார் என்பதே சுருங்கிய விடை. 1899-இல் எட்வர்டு தார்ண்டைக்கை அழைத்தார். கோழிகளும் பூனைகளும் கூட்டினின்று வெளியேறக் கற்கும் விதத்தை அளந்து, கற்றலென்பது யாது என ஆராய்ந்த அவ்விளைஞர், பின்னர்ப் பள்ளிப்பிள்ளைகளின் கற்றலை அளக்கும் கருவிகளை வகுத்தார். 1921-இல் பிள்ளைகள் வாசிக்கும் நூல்களில் அடிக்கடி வரும் 10,000 ஆங்கிலச் சொற்களைத் தொகுத்து உபாத்தியாயர்க்கு அளித்தார். எச்சொல்லை முதலிற் கற்பிப்பது என்னும் கேள்விக்கு, அவரவர் விருப்பத்தைக் கொண்டன்றி எண்ணிக் கண்ட தொகையைக் கொண்டு விடை கூறும் முறை இதனால் வலுப்பெற்றது.

1904-இல் கொலம்பியாவிற்கு வந்த ஜான் டூயி, தத்துவத்துறைக்கு உரியவராயினும் உபாத்தியாயர் கலாசாலையிலும் விரிவுரை நிகழ்த்தினார். கல்வி என்பது வருங்கால வாழ்விற்கு ஆயத்தம் மாத்திரமன்று, வாழ்வே கல்வி என்பது அவர் கொள்கை. அவருடைய மாணவர் வில்லியம் கில்பாட்ரிக், ஒரு காரியத்தை எடுத்து முடிப்பதன் வாயிலாகப் பிள்ளைகள் கற்கும் செயல்முறைக் கல்வியை 1918-இல் விளக்கி எழுதினார்.

சீன தேசத்திற் பரந்த விளைவு

மரத்தின் பெருமையைக் கனியால் அறிவது போல ஒரு கலாசாலையின் பெருமையை அதன் பழைய மாணவரால் அறிதல் வேண்டும். அமெரிக்காவுக்கு வெளியே இக்கலாசாலையின் விளைவு மிகத் தெளிவாய்ப் புலப்பட்ட நாடு சீனம்.

சீனத்திற் பல நூற்றாண்டுகளாய் அரசாங்க உத்தியோகத்திற்கு வாயிலாய் இருந்த பழைய பரீட்சை முறை 1905-இல் ஒழிக்கப்பட்டது. 1911, 1912-ஆம் ஆண்டுகளில் முடியரசும் வீழ்ந்து குடியரசு எழுந்தது. பழைய கல்வி போயிற்று. புதிய கல்விக்கு ஆசிரியர் இல்லை. அந்நிலையிற் பல சீன இளைஞர் கடல்கடந்து நியூயார்க் சென்று உபாத்தியாயர் கலாசாலையிற் பயின்றனர். குவோ பிங்வென் 1914-இல் அங்கு டாக்டர் பட்டம் பெற்று மீண்டு, நான்ஜிங் உயர்தர ஆசிரியர் கலாசாலையையும், அதினின்று 1921-இல் மலர்ந்த தென்கிழக்குச் சர்வகலாசாலையையும் நடத்தினார். சென் ஹெச்சின் என்பார் 1918-இல் பட்டம் பெற்று மீண்டு, 1923-இல் நான்ஜிங்கிற் குழந்தைப் பள்ளியொன்றை நிறுவினார். சாமானிய மக்கள் வாசிக்கும் நூல்களில் ஏறத்தாழ 5,54,000 எழுத்துக்களை எண்ணிப் பார்த்து, அவற்றுள் வெவ்வேறானவை 4,261 மட்டுமே என்று கணக்கிட்டு 1928-இல் வெளியிட்டார். ஆயிரக்கணக்கான எழுத்துக்களுடைய ஒரு பாஷையிற் பாமர மக்களுக்கு முதலிற் கற்பிக்கத் தக்கவை எவை என்பது இதனால் துலங்கிற்று. சொற்களை எண்ணும் வழக்கம் ஒரு தேசத்தினின்று மற்றொரு தேசத்திற்குச் சென்று, அத்தேசத்தின் எழுத்திற்கேற்ப உருமாறிய விதம் இது.

இவர்களெல்லாரினும் நம் நெஞ்சை அள்ளுபவர் தாவ் ஷிங்ஜி. அவர் 1891-இல் அன்ஹுவெய் மாகாணத்திற் செல்வமில்லாத குடும்பத்திற் பிறந்தவர். பெற்றோரிட்ட பெயரை மாற்றி, அறிதலும் செய்தலும் என்று பொருள்படும் ஜிஷிங் என்னும் பெயரை இளமையிற் சூடிக்கொண்டார். 1915 முதல் 1917 வரை உபாத்தியாயர் கலாசாலையிற் பயின்றார். அவர் கைப்பொருள் போதாதிருந்தபோது, அங்கு ஏற்பட்டிருந்த உதவித்தொகையொன்று அவரைத் தாங்கிற்று. தாய்நாடு திரும்பித் தம் மக்களுக்குப் பொதுக்கல்வி அமைப்பதே தம் நோக்கம் என்று 1916-இல் ரஸ்ஸலுக்கு எழுதினார். உதவித்தொகை பெறும்போது இங்ஙனம் எழுதுவார் பலர். எழுதிய வண்ணம் வாழ்ந்தார் சிலர். தாவ் அச்சிலருள் ஒருவர்.

1917-இல் மீண்டு நான்ஜிங்கிற் பேராசிரியரானார். 1919-இல் டூயி சீனம் வந்தபோது எதிர்கொண்டழைத்தோருள் அவரும் ஒருவர். பேராசிரியப் பதவியும் நல்ல ஊதியமும் இருந்தும் அவர் மனம் அமைதியுறவில்லை. ஏனெனிற் சீன மக்களிற் பெரும்பாலார் கிராமங்களில் வசித்தனர், அவர்களிற் பெரும்பாலார் எழுத்தறியார். 1923 முதல் ஆயிரம் எழுத்துக்களைக் கொண்ட எளிய வாசகப் புத்தகத்தைத் துணையாக வைத்து மக்கட் கல்வி இயக்கத்தில் உழைத்தார். அவ்வாண்டில் அவருடைய தாயாரே அப்புத்தகத்தைக் கற்கத் தொடங்கினார். கற்பித்தவன் அவருடைய ஆறு வயதுப் பேரன்! தான் அன்று கற்றதைச் சிறுவன் பாட்டிக்குச் சொல்லிக்கொடுத்தான். சில நாட்களில் வெளியூரிலிருந்து மைந்தர் எழுதிய கடிதத்தை அம்மூதாட்டி தாமே வாசித்தார். கற்ற பிள்ளை கல்லாதார்க்கு ஆசிரியன் ஆகலாம் என்னும் எண்ணம் இதினின்று வளர்ந்து, பத்தாண்டுகளுக்குப்பின் சின்ன வாத்தியார் இயக்கமாய்ப் பரவிற்று.

1926-இல் அவர் பத்து இலட்சம் நாணயம் திரட்டி, பத்து இலட்சம் தொண்டரைச் சேர்த்து, பத்து இலட்சம் பள்ளிகள் வைத்து, பத்து இலட்சம் கிராமங்களைப் புதுப்பிக்க வேண்டுமென்று முழங்கினார். அத்தொகை சேரவில்லை. சேரும்வரை அவர் காத்திருக்கவுமில்லை. 1927 மார்ச்சு மாதத்தில் நான்ஜிங்கிற்கு வெளியே ஷியாவ்ஜுவாங் என்னும் கிராமத்தில் 13 மாணவரோடு ஓர் ஆசிரியர் பயிற்சிப் பள்ளியைத் திறந்தார். மாணவர் தம் குடியிருப்பைத் தாமே கட்டினர், வயலில் உழுதனர், குடியானவரோடு பழகினர். டூயியின் கொள்கையை அவர் அப்படியே ஒப்புவிக்கவில்லை. பள்ளிக்கூடத்தைச் சமூகம் போல் ஆக்குவது கூட்டிற் பறவையை அடைத்துக் கானகத்தைக் காட்டுவது போலாகும் எனக் கருதி, சமூகம் முழுவதையுமே பள்ளிக்கூடமாகக் கொள்ளவேண்டும் என்று முறையைத் தலைகீழாக்கினார். ஆசிரியர் தந்த கருத்தைத் தன் மண்ணில் ஊன்றி வளர்ப்பவனே உண்மையான மாணவன்.

1930-இல் அரசாங்கம் அப்பள்ளியை மூடிற்று. தாவ் ஜப்பானுக்குத் தப்பியோடினார். மறு ஆண்டு மீண்டார். 1934-இல், செய்தலே முன், அறிதல் அதன்பின் என்னும் துணிவால், ஜிஷிங் என்னும் தம் பெயரை ஷிங்ஜி என மாற்றிக்கொண்டார். பின்னர் அயல்நாடுகள் பலவற்றிற் சுற்றித் தம் தேசத்திற்கு ஆதரவு திரட்டி மீளும் வழியில், 1938-இல் நம் நாட்டிற்கும் வந்து காந்தியடிகளைச் சந்தித்தார். அதற்கு முந்திய ஆண்டிலேதான் வார்தாவில் ஆதாரக்கல்வி மாநாடு கூடியிருந்தது. கைத்தொழில் வழியே கல்வி என்னும் எண்ணம் இருவர்க்கும் பொதுவாயிருந்தமை வியப்பன்று.

1939-இல் யுத்த அநாதைகளுக்காகச் சொங்சிங் நகரருகே யூத்சாய் பள்ளியை நிறுவினார். விலைவாசி ஏறியேறிப் பிள்ளைகளுக்குச் சோறளிப்பதே அரிதாயிற்று. அக்காலத்தில் அவர் வூ ஷுன் என்பவரை அடிக்கடி நினைவூட்டுவார். வூ ஷுன் 19-ஆம் நூற்றாண்டில் ஷான்டோங் மாகாணத்தில் வாழ்ந்த பிச்சைக்காரர், எழுத்தறியாதவர், வாழ்நாளெல்லாம் இரந்து சேர்த்த காசைக்கொண்டு ஏழைப்பிள்ளைகட்கு இலவசப் பள்ளிகளை ஏற்படுத்தியவர். வாண்டர்பில்ட், ராக்பெல்லர் போன்ற கோடீசுவரர் பொருளால் வளர்ந்த கலாசாலையிற் பயின்ற தாவ், தமக்கு முன்மாதிரியாகக் கொண்டது ஒரு பிச்சைக்காரரை என்பது நாம் நினைந்து நினைந்து உணரத்தக்கது. 1946-இல் ஷாங்காயில் அவர் காலமானார்.

ஜாங் போலிங் என்பார் மற்றொருவர். அவர் ஏற்கனவே தியன்ஜின் நகரில் 1904-இல் தொடங்கிய நன்காய்ப் பள்ளியைப் புகழுற நடத்தியவர். நாற்பது வயதுக்குமேல் 1917-இல் நியூயார்க் சென்று உபாத்தியாயர் கலாசாலையில் மாணவராய் அமர்ந்தார். ஊருக்கு மீண்டு 1919-இல் நன்காய்ச் சர்வகலாசாலையை 96 மாணவரோடு நிறுவினார். அது தனியார் கொடையால் நின்றது; அவர் ஆண்டுதோறும் செல்வர் வாயில்களை நாடிச் சென்றார். 1937 ஜூலை மாதத்தில் ஜப்பானியர் குண்டுவீசி அதனைப் பாழாக்கினர். கட்டடம் அழிந்தது, கலாசாலை அழியவில்லை. ஆசிரியரும் மாணவரும் தென்மேற்கே சென்று, மற்றை இரண்டு சர்வகலாசாலைகளோடு கூடி, 1938 முதல் 1946 வரை குன்மிங் நகரில் எளிய கூரைகளின்கீழ்ப் பாடம் நடத்தினர். 1957-இல் பெளதிகத்திற்கு நோபெல் பரிசு பெற்ற யாங், லீ இருவரும் அக்கூரைகளின்கீழ்ப் பயின்றவரே. ஆசிரியர் உள்ளவரை கலாசாலை உண்டு என்பதற்கு இதனினும் சான்று வேண்டுமோ?

ஒதுக்கப்பட்டோர்க்குக் கிட்டிய வாயில்

அமெரிக்காவிலேயே நிகழ்ந்த மற்றொன்றையும் கூறுதல் வேண்டும். தென்மாகாணங்களில் கறுப்பின மக்களுக்குத் தனிப்பள்ளி, அதுவும் குறைந்த பொருளில், என்னும் அநீதி சட்டமாய் இருந்த காலம் அது. மேற்படிப்பு விரும்பிய கறுப்பின உபாத்தியாயரைத் தம் சர்வகலாசாலைகளிற் சேர்க்க மறுத்த சில மாகாணங்கள், வெளிமாகாணத்திற் சென்று படிக்கச் சம்பளம் கட்டின. உரிமையை மறுப்பதற்குக் கொடுத்த கூலியே அது. அம்முறை போதாதென்று அமெரிக்க உச்ச நீதிமன்றம் 1938-இல் தீர்ப்பளித்தது. ஆயினும் அவ்வுபாத்தியாயர் பலர் அக்கூலியையே படியாக மிதித்து மேலேறினர். அவர்கள் நியூயார்க் சென்று, பெரும்பாலும் கோடைவிடுமுறை வகுப்புக்களிலே, உபாத்தியாயர் கலாசாலையிற் பயின்றனர். அங்குக் கிராமக் கல்விப் பேராசிரியையாயிருந்த மேபெல் கார்னி அம்மையார் அவர்கட்குத் துணைநின்றார். ஆம்ப்ரோஸ் காலிவர் 1930-இல் அங்கு டாக்டர் பட்டம் பெற்று, மத்திய அரசாங்கக் கல்வி அலுவலகத்திற் கறுப்பின மக்கள் கல்விக்குரிய நிபுணராய் அமர்ந்தார்.

இவர்கள் திரும்பிச் சென்று கற்பித்த பள்ளிகளின் வரலாறும் அறிதற்குரியது. 1907-இல் ஆனா ஜீன்ஸ் என்னும் அம்மையார் கறுப்பினக் கிராமப் பள்ளிகளுக்கெனப் பத்து இலட்சம் டாலர் அளித்தார். அதிற் பெரும்பகுதி பள்ளி பள்ளியாய்ச் சென்று உபாத்தியாயர்க்கு வழிகாட்டும் ஆசிரியைகளின் சம்பளத்திற்குச் செலவாயிற்று. ஜூலியஸ் ரோஸன்வால்டு என்னும் வணிகர் 1912 முதல் செய்த உதவியால் 1932-க்குள் 4,977 பள்ளிகள் எழுந்தன. அவர் முழுச்செலவையும் ஏற்கவில்லை. ஊராரும் அரசாங்கமும் பங்கெடுத்தாலன்றித் தம் பங்கைத் தாரார். அவரும் அவர் நிதியும் கொடுத்தது சுமார் 43 இலட்சம் டாலர். வறிய கறுப்பின மக்கள் தாமே உழைத்துத் திரட்டியது சுமார் 47 இலட்சம் டாலர். கொடை பெற்றோர், கொடையாளியினும் மிகுதியாகக் கொடுத்தனர்! அதனாலேயே அப்பள்ளிகள் அவர்கட்குச் சொந்தமாயின.

இவ்விடத்து நம் நாட்டவர் ஒருவரை நினையாதிருத்தல் இயலாது. பாபாசாகேப் அம்பேத்கர் 1913 முதல் 1916 வரை கொலம்பியாவிற் பயின்றார். அவரை அனுப்பியது பரோடா மன்னர் சாயாஜிராவ் கேக்வாட் அளித்த உதவித்தொகை. அவர் உபாத்தியாயர் கலாசாலை மாணவரல்லர். ஆயினும் டூயியின் விரிவுரைகளைக் கேட்டு, அவரைத் தம் ஆசான்களுள் ஒருவராய் ஆயுள் முழுதும் போற்றினார். 1945-இல் மக்கள் கல்விச் சங்கத்தை நிறுவி, மறு ஆண்டு பம்பாயிற் சித்தார்த்தர் கலாசாலையைத் திறந்தார். ஒரு மன்னர் ஓர் இளைஞருக்கு அளித்த பொருள் எத்துணை இளைஞர்க்கு வாயிலாயிற்று என்பதைக் கணக்கிட வல்லார் யார்? அவ்விளைஞர் மன்னர் குலத்தவருமல்லர். அவர் திறந்த கலாசாலையும் ஒரு குலத்தார்க்கு மட்டும் உரியதன்று.

குறைகளும் உண்டு

ஒரு நிலையத்தின் சரித்திரத்தைக் கூறுவோர் அதன் குறையை மறைத்தல் நேர்மையன்று. சோதனைப் பள்ளிகளான ஹோரஸ் மான் பள்ளியும் லிங்கன் பள்ளியும் நாளடைவில் வசதியுள்ளோர் பிள்ளைகள் பயிலும் இடங்களாயின. ஏழைப் பிள்ளைக்குப் பயன்படுமா என்று சோதிக்க வேண்டியதைச் செல்வர் பிள்ளையிடமே சோதித்தனர் என்னும் குற்றச்சாட்டு நியாயமானதே. பொருள்முடை நேர்ந்தபோது அவற்றை ஒன்றாக்கி, 1940-களிற் கலாசாலையார் மூடத் துணிந்தனர்; பெற்றோர் எதிர்த்து நீதிமன்றம் சென்றும் நிறுத்த முடியவில்லை. சர்வதேசத் துறையும், பத்தாண்டுக் கொடை முடிந்தபின் தளர்ந்து 1938-இல் ஓய்ந்தது. தார்ண்டைக்கின் அளவைக் கருவிகள் பயன் தந்தன எனினும், மனிதர் அறிவு பிறப்பிலேயே பெரிதும் வகுக்கப்பட்டது என்னும் அவர் கொள்கை பலருக்கு அநீதி விளைத்தது. அக்கொள்கையைப் பிற்காலத்தார் கைவிட்டனர். பிறப்பால் அறிவை அளக்கும் பேச்சு எத்தேசத்தில் எழுந்தாலும் அதன் தீமையை நாம் நன்கு அறிவோம்.

நாம் கொள்ளத்தக்கவை

இச்சரித்திரத்தினின்று நம் சங்கத்தார்க்குப் புலப்படுவன மூன்று.

முதலாவது, ஒரு பிள்ளைக்குக் கொடுத்தால் ஒரு பிள்ளை கற்கும். ஓர் உபாத்தியாயரை நன்கு பயிற்றினால் அவர் பணியாற்றும் முப்பது ஆண்டும், ஆண்டுக்கு நாற்பது பிள்ளைகள் வீதம் வைத்தாலும், 1,200 பிள்ளைகள் கற்பர். நம் கல்வி நிதிகளில் வைத்தியப் படிப்புக்கும் பொறியியற் படிப்புக்கும் உதவித்தொகை கேட்போர் வரிசையாய் வருகின்றனர், அது நன்றே. ஆசிரியப் பயிற்சிக்கென்று கேட்டு வருவோர் குறைவு. வருவோர்க்கும், வேறொன்றும் கிடைக்காமையால் இதற்கு வந்தனர் போலும் என்னும் அலட்சியமே பரிசாகிறது. அறிவிற் சிறந்த இளைஞனும் யுவதியும் விரும்பி ஏற்கும் தொழிலாக இதனை ஆக்குதல் கொடையாளிகள் கையில் உள்ளது. ஒவ்வோர் ஆண்டும் நிதியில் ஒரு பகுதியை இதற்கென்றே ஒதுக்குதல் தகும்.

இரண்டாவது, பெருஞ்செல்வர் ஒருவரை எதிர்நோக்கிக் காத்திருத்தல் வேண்டா. டாட்ஜ் அம்மையார் கணக்கைக் காத்தார். ரோஸன்வால்டு ஊராரைப் பங்காளியாக்கினார். தாவ் 13 மாணவரோடு தொடங்கினார். உதவித்தொகையாற் படித்து முன்னேறிய நம் இளைஞர், தாம் பெற்றதற்கு ஈடாக ஆண்டுக்கொரு சிறுதொகை மீளச் செலுத்தினால், நிதி எவர் தயவிலும் நில்லாது தன்காலில் நிற்கும். பொருள் கொடுக்க இயலாதோர், விடுமுறையில் ஊருக்கு வருங்கால் பத்துப் பிள்ளைகளுக்குப் பாடஞ்சொல்லலாம். ஆறு வயதுப் பேரன் பாட்டிக்கு ஆசிரியனானான். பட்டம் பெற்றோர்க்கு இயலாததோ?

மூன்றாவது, மிக நுட்பமானது. குலத்தார் கூடித் திரட்டிய பொருள் குலத்துப் பிள்ளைகளுக்கே உரியது என்று கருதுவோர் நம்மிற் பலர். அவர் கருத்தில் நியாயம் இல்லாமலில்லை. ஆயினும் நாம் பயிற்றி அனுப்பும் உபாத்தியாயர் ஒரு வகுப்பில் நின்று பாடஞ்சொல்லும்போது, எதிரே அமர்ந்த பிள்ளைகளை இவன் நம்மவன், அவன் அயலான் என்று பிரித்தல் இயலுமோ? பிரிப்பாராயின் அவர் ஆசிரியர் ஆவரோ? ஆதலின் ஆசிரியர்க்குச் செய்யும் அறம் வரப்பைக் கடந்து பாயும் நீர் போன்றது. நம் வயலை நனைத்தபின் அடுத்த வயலுக்கும் அது செல்லும். அதனை நட்டமென்று எண்ணுவோன் உழவறியாதவன்.

கட்டடங்கள் வேண்டாவென்று நாம் கூறவில்லை. பெயர் பொறித்த கல்லும் இருக்கட்டும். அக்கல் மழையில் தேயும். நல்லாசிரியர் ஒருவரிடம் கற்ற பிள்ளை, தன் முதுமையிலும் அவரை எங்கள் வாத்தியார் என்று சொல்லுவான். அச்சொல்லிற் கொடையாளியின் பெயர் இராது. ஆயினும் அவருடைய அறம் அதில் நிற்கும். அத்தகைய அறத்திற்கு நம் சங்கத்துச் செல்வரும், செல்வரல்லாரும், படித்து முன்னேறிய இளைஞரும் இவ்வாண்டே கைகொடுப்பாராக.